ஃபேக்டரி வேற, ஃபேப்ரிக் வேற, கம்பெனி வேற: மூணு பெயர்ச்சொல், 400 வருஷக் கதை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் இங்கிலீஷ் வகுப்பு மாதிரி ஆரம்பிக்கும், ஆனா போகப் போக ஒரகடத்துலயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் வேலை பாக்குற ஒவ்வொருத்தரோட அடையாள அட்டையிலயும் வந்து நிக்கும். பொறுமையா கூட வாங்க.

ஒரகடம் சந்திப்புல ஷிஃப்ட் விடுற நேரத்துல வேன் ஏற நிக்கிற யாரையாவது "எங்க வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டா, "கம்பெனியில"ன்னுதான் பதில் வரும். தொழிற்சாலைன்னு பேச்சுல யாரும் சொல்றதில்ல. ஃபேக்டரிங்கிறதும் அபூர்வம்தான். கட்டடம், முதலாளி, நிர்வாகம், எல்லாமே நமக்குக் கம்பெனி.

இப்ப ஸ்பானிஷ் தாய்மொழியா இருக்கிற ஒருத்தர் இதே சந்திப்புல வந்து இறங்குறார்னு வச்சுக்குவோம். இது ரொம்பத் தூரமான கற்பனை இல்ல. இந்த வழித்தடத்துல தயாராகிற கார்கள் மெக்சிகோ, சிலி, பெரு வரைக்கும் கப்பல்ல போகுது. அவர் இப்பத்தான் இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்கார். அதே கேள்வியை அவர்கிட்ட கேட்டா, "நான் ஒரு ஃபேப்ரிக்ல வேலை பாக்குறேன்"னு சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கு. ஃபேப்ரிக்னா இங்கிலீஷ்ல துணி. துணிக்குள்ள உக்காந்து எப்படி வேலை பாக்க முடியும்? ஸ்பானிஷ்ல தொழிற்சாலைக்குப் பேர் ஃபாப்ரிகா. அதனாலதான் அவர் அப்படிச் சொல்றார்.

அவர் ஃபேக்டரியையும் ஃபேப்ரிக்கையும் குழப்பிக்கிறார். நாம ஃபேக்டரியையும் கம்பெனியையும் குழப்பிக்கிறோம். இந்த ரெண்டு குழப்பத்துக்கும் பின்னாடி ஒரே வரலாறு இருக்கு, அந்த வரலாறுல நம்ம சென்னை ஒரு முக்கியமான பாத்திரம்.

பொய் நண்பர்கள்

ரெண்டு மொழியில ஒரே மாதிரி ஒலிச்சு, வேற வேற அர்த்தம் தர்ற சொற்களுக்கு மொழியியல்ல "பொய் நண்பர்கள்"னு ஒரு பேர் இருக்கு. 1928-ல மாக்சிம் கெஸ்லர், ஜூல் தெரோகிஞின்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க மொழிபெயர்ப்பாளர்களுக்காக எழுதின புத்தகத்தோட தலைப்புல இருந்து அந்தப் பேர் பரவுச்சு. முகம் தெரிஞ்ச ஆள் மாதிரி வந்து தோள்ல கை போடும், கடைசியில பாத்தா வேற ஆள்.

ஸ்பானிஷுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவுல இந்த மாதிரி பெயர்ச்சொற்கள் நிறைய. ஸ்பானிஷ்ல கார்பெத்தான்னா காகிதம் வைக்கிற ஃபைல், கார்ப்பெட் கிடையாது. லிப்ரெரியான்னா புத்தகக் கடை. லைப்ரரின்னு நினைச்சுப் போனா காசு கேப்பாங்க. பரியெந்தேன்னா சொந்தக்காரர், பேரன்ட் இல்ல. சோப்பான்னா சூப், ரோப்பான்னா துணிமணி. சோப்பும் கயிறும் கேட்டா கிடைக்காது. கொண்டுக்தோர்னா வண்டி ஓட்டுறவர். நம்ம ஊர் பஸ்ல "கண்டக்டரைக் கேளுங்க"ன்னு சொன்னா, அந்த ஸ்பானிஷ்காரர் நேரா டிரைவர் சீட்டுக்குப் போய் டிக்கெட் கேப்பார்.

எக்சித்தோங்கிற சொல்லை மட்டும் தனியா கவனிங்க. அதுக்கு ஸ்பானிஷ்ல வெற்றின்னு அர்த்தம். வெளியே போற வழிக்கு சலீதான்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு தொழிற்சாலைச் சுவர்லயும் பச்சை நிறத்துல எக்சிட்னு ஒரு பலகை ஒளிரும் இல்லையா? தீப்பிடிச்ச நேரத்துல அந்தப் பலகையைப் படிச்சு அர்த்தம் பிடிக்க யாருக்கும் அவகாசம் கிடையாது. அதனாலதான் எழுத்தோட சேர்த்து, ஓடுற மனுஷன் படமும் அம்புக்குறியும் போடுறாங்க.

இதெல்லாம் ஸ்பானிஷ்காரங்க பாடு, நமக்கென்னன்னு நினைக்க வேண்டாம். கொலேஹியோன்னா ஸ்பானிஷ்ல பள்ளிக்கூடம். காலேஜ்னு நினைச்சு விண்ணப்பத்துல நிரப்பினா தப்பாயிடும். ஆனா யாழ்ப்பாணத்துல இருந்து வர்ற ஒரு தமிழருக்கு இதுல எந்தக் குழப்பமும் வராது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் பள்ளிக்கூடங்கள்தான். அதே மாதிரி, ஹோட்டல்னா உலகத்துக்குத் தங்குற இடம், நமக்குச் சாப்பிடுற இடம். மேன்ஷன்னா இங்கிலீஷ்காரனுக்கு மாளிகை, திருவல்லிக்கேணியில ஒரு ரூமுக்கு மூணு பேர் தங்குற பேச்சிலர் விடுதி. ஜப்பான்ல அதே சொல் அடுக்குமாடிக் குடியிருப்பு.

கொல்லன் பட்டறையில இருந்து ஜவுளிக்கடைக்கு

சரி, ஃபேப்ரிக் கதைக்கு வருவோம். லத்தீன்ல ஃபாபெர்னா கைவினைஞர், குறிப்பா கொல்லர் மாதிரி கடினமான பொருளை அடிச்சு உருவாக்குறவர். அவர் வேலை செய்யற இடம் ஃபாப்ரிகா. நம்ம பாஷையில சொன்னா பட்டறை.

இந்த ஒரு சொல் மூணு திசையில நடந்துச்சு. ஸ்பானிஷ், போர்த்துகீஸ், இத்தாலியன் மொழிகள்ல அது இடமாவே தங்கிடுச்சு. பட்டறை பெருசாகித் தொழிற்சாலை ஆச்சு. ஜெர்மன்லயும் ஃபாப்ரிக்னா தொழிற்சாலைதான். ஒரகடத்துல 2012-ல லாரி தயாரிப்பைத் தொடங்கின டெய்ம்லர் ஒரு ஜெர்மன் நிறுவனம். அங்க வர்ற ஜெர்மன் இன்ஜினியருக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கு.

ரெண்டாவது திசை பழைய பிரெஞ்சு. மக்கள் வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு ஃபாப்ரிகா ஃபோர்ஜ் ஆச்சு. அதுதான் இங்கிலீஷுக்கும் போச்சு. இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் யூனிட் இருக்கு இல்லையா, அந்த ஃபோர்ஜும் ஃபேப்ரிக்கும் ஒரு தாய் பிள்ளைங்க.

மூணாவது திசை இங்கிலீஷ். அங்க ஃபேப்ரிக்னா முதல்ல கட்டடம், அப்புறம் கையால செஞ்ச எந்தப் பொருளும், 18-ஆம் நூற்றாண்டு வாக்குல துணி. இடத்தோட பேர், அங்க செய்யற பொருளுக்குப் போயிடுச்சு. நமக்கு இது புதுசா என்ன? காஞ்சிபுரம் கட்டினான்னு சொன்னா ஊரையா கட்டிக்கிட்டா? புடவையைத்தான்.

தமிழ்லயும் இதுக்குத் துணையா ஒரு சொல் இருக்கு: ஆலை. இன்னைக்கு ஆலைன்னா எந்தத் தொழிற்சாலையும். ஆனா பழைய அர்த்தம் கரும்பு பிழியிற இயந்திரம். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை"ன்னு பழமொழி சொல்றது அந்த ஆலையைத்தான். அப்புறம் பஞ்சாலை வந்துச்சு, சிமென்ட் ஆலை வந்துச்சு, கரும்பு வாசனை காணாமப் போச்சு. ஒரு சொல் தன்னோட பழைய வேலையை விட்டுட்டுப் புது வேலைக்கு மாறுறது எல்லா மொழியிலயும் நடக்குது.

எதையும் செய்யாத ஃபேக்டரி

இனிமே ஃபேக்டரி. இதோட வேர் ஃபாப்ரிகா இல்ல, லத்தீன்ல "செய்"ங்கிற அர்த்தம் வர்ற இன்னொரு வினைச்சொல். அதுல இருந்து வந்தது ஃபேக்டர், அதாவது இன்னொருத்தருக்காகக் காரியம் செய்யறவர், வணிக முகவர். அந்த முகவர்கள் தங்கி, சரக்கு வாங்கி, பூட்டி வைக்கிற இடம் ஃபேக்டரி. போர்த்துகீசியர்கள் இதுக்கு ஃபெய்தோரியான்னு சொன்னாங்க, ஸ்பானிஷ்ல ஃபக்தொரியா. கேரளக் கரையில இருந்து மலாக்கா வரைக்கும் 16-ஆம் நூற்றாண்டுல ஃபெய்தோரியாக்கள் முளைச்சுது.

பின்னாலயே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்துச்சு. 1611-ல மசூலிப்பட்டினத்துல ஒரு ஃபேக்டரி. அப்புறம் இன்னும் தெற்கே ஆர்மகான்ல ஒண்ணு. அந்த ஆர்மகான் ஃபேக்டரிக்குப் பொறுப்பா இருந்த ஃபிரான்சிஸ் டே 1639-ல இன்னும் தெற்கே வந்து, மதராசப்பட்டினத்துல ஒரு துண்டு நிலத்துக்கு அனுமதி வாங்கினார். காரணம், இந்தப் பக்கம் நல்ல துணி மலிவா கிடைச்சுது. 1640-ல ஜார்ஜ் கோட்டை எழும்ப ஆரம்பிச்சுது.

அதாவது, சென்னைங்கிற நவீன நகரத்தோட விதையே ஒரு ஃபேக்டரி. ஆனா அந்த ஃபேக்டரியில ஒரு முழம் துணிகூட நெய்யல. அது துணியை வாங்கி, அடுக்கி, கப்பல்ல ஏத்தின இடம். துணி செஞ்சது சுத்துவட்டாரக் கிராமங்கள்ல, நெசவாளர் வீடுகள்ல, தறிக்குழியில. முன்பணம் கொடுத்து, இடையில வியாபாரிகளை வச்சு கம்பெனி சரக்கு எடுத்துச்சு. 1734-ல ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்துல நெசவாளர்களைப் பக்கத்துலயே குடியமர்த்தி ஒரு பேட்டையை உருவாக்கினாங்க. சின்னத் தறிப் பேட்டை, இன்னைய சிந்தாதிரிப்பேட்டை. துணி உற்பத்தி நடந்தது அங்க. ஆனா ஃபேக்டரிங்கிற பேர் கோட்டைக்குத்தான்.

இப்ப அந்த ஸ்பானிஷ்காரரோட வாக்கியத்தைத் திரும்பப் பாருங்க. 17-ஆம் நூற்றாண்டு மெட்ராஸ்ல ஃபேக்டரின்னா ஃபேப்ரிக் வாங்குற இடம். ஃபேப்ரிக் உண்மையில நெய்யப்பட்ட இடத்தை ஸ்பானிஷ்ல சொல்லணும்னா ஃபாப்ரிகான்னு சொல்லலாம். மூணும் ஒரே சந்தையில ஒரே நேரத்துல நடமாடின சொற்கள். அதை ஒருத்தர் குழப்பிக்கிட்டா ஆச்சரியப்பட என்ன இருக்கு?

அந்தக் கம்பெனியில பதவிகளுக்கும் ஒரு வரிசை இருந்துச்சு. முதல்ல ரைட்டர், அப்புறம் ஃபேக்டர், அப்புறம் இளநிலை வணிகர், முதுநிலை வணிகர். ராபர்ட் கிளைவ் 1744-ல மெட்ராஸ் வந்து இறங்கினது ரைட்டராத்தான். ரைட்டர்னா எழுத்தாளர் இல்ல, கணக்கும் கடிதமும் எழுதுற குமாஸ்தா. ஃபேக்டர் செத்துப்போச்சு, ரைட்டர் சாகல. இன்னைக்கும் நம்ம போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் இருக்கார். அவர் கதை எழுதுறவர் இல்லன்னு உங்களுக்குத் தெரியும், புதுசா இங்கிலீஷ் கத்துக்கிட்டு வர்றவருக்குத் தெரியாது.

சரக்கு வைக்கிற இடத்துக்கும் ஒரு வரி சொல்லிடறேன், ஒரகடத்தைச் சுத்தி இன்னைக்குப் பெரிய பெரிய குடோன்கள் நிக்குது. குடோன் இங்கிலீஷ் சொல் மாதிரி தெரியும். ஆனா அது மலாய் வழியா இங்கிலீஷுக்குப் போனது. அதுக்கும் பின்னாடி நம்ம கிடங்கும் தெலுங்கு கிடங்கியும் இருக்கலாம்னு 1886-ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி சொல்லுது. ஸ்பானிஷ்ல கிடங்குக்கு அல்மசேன்னு பேர், அரபியில இருந்து வந்தது. அதே அரபிச் சொல்தான் இங்கிலீஷ்ல மேகசின் ஆச்சு. மேகசின்னா முதல்ல கிடங்கு. துப்பாக்கியில தோட்டா வைக்கிற பகுதிக்கு மேகசின்னு பேர் இருக்கிறது அதனாலதான். 1731-ல லண்டன்ல ஒரு பத்திரிகை, கட்டுரைகளோட கிடங்குன்னு தன்னை நினைச்சு அந்தப் பேரை வச்சுக்கிட்டுது. அதுல இருந்து மேகசின்னா பத்திரிகை. பிரெஞ்சுல அதே சொல் கடைக்குப் போச்சு.

100, 50, 20, 10

ஃபேக்டரி எப்ப "செய்யற இடம்" ஆச்சு? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல மேனுஃபேக்டரின்னு இன்னொரு சொல் புழங்குச்சு, கையால செய்யற இடம்னு அர்த்தம். 1771-ல ரிச்சர்ட் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டுல தண்ணீர்ச் சக்தியில ஓடுற நூற்பாலையை ஆரம்பிச்சார். அடுத்த சில பத்தாண்டுல அந்த மாதிரி ஆலைகள் பெருகிச்சு. ஃபேக்டரின்னா முகவர் தங்குற இடம்ங்கிற அர்த்தம் ஓரம்போய், இயந்திரம் ஓடுற கூடம்ங்கிற அர்த்தம் நடுவுக்கு வந்துச்சு.

இங்கதான் பெயர்ச்சொல்லுக்குள்ள சட்டம் நுழையுது. இந்தியாவோட முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல வந்துச்சு. அது 7 வயசுக்குக் கீழ குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொன்னது. 7 வயசு! 8 வயசுக் குழந்தைக்குத் தடை இல்ல, நேர வரம்பு மட்டும்தான். அந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும்? ஃபேக்டரிக்கு. ஃபேக்டரின்னா எது? இயந்திரச் சக்தியோட, 100 பேராவது வேலை செய்யற இடம். 99 பேர் இருந்தா அது ஃபேக்டரி இல்ல. அதோட, ஊரே ஃபேக்டரின்னு கூப்பிட்ட இண்டிகோ ஃபேக்டரி, அதாவது அவுரிச் சாயம் எடுக்கிற இடம், சட்டத்தோட கண்ணுல ஃபேக்டரி கிடையாது. தேயிலை, காப்பித் தோட்டத்துக் கூடங்களும் கிடையாது. வாயிற்பலகையில ஃபேக்டரி, சட்டப் புத்தகத்துல இல்ல.

1891-ல அந்த எண் 50 ஆச்சு. 1922-ல 20. சுதந்திரத்துக்கு அப்புறம் 1948 சட்டத்துல மின்சாரம் மாதிரி ஏதாவது விசை இருந்தா 10, இல்லன்னா 20. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் கொஞ்சம் அகலமாச்சு. அகலமான ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கூட்டம் தொழிலாளிகள், வேலி போட்ட இயந்திரம், குடிதண்ணி, வார விடுமுறைங்கிற உரிமைகளுக்குள்ள வந்தாங்க. 2020-ல நாடாளுமன்றம் நிறைவேற்றின புதுச் சட்டத் தொகுப்பு அதைத் திரும்ப 20, 40-ன்னு உயர்த்தி எழுதியிருக்கு.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு இஃப் நிபந்தனையில ஒரு எண்ணை மாத்தினா, கீழ இருக்கிற மொத்த நிரலும் வேற பாதையில ஓடும். இங்க அந்த எண்ணுக்குக் கீழ ஓடுறது மனுஷங்களோட வேலை நேரமும் விரலும்.

கும்பினியும் கம்பெனியும்

இப்ப நம்ம குழப்பத்துக்கு வருவோம். கம்பெனிங்கிற சொல்லோட லத்தீன் வேர்ல ஒரு ரொட்டி இருக்கு. ஒண்ணா உக்காந்து ரொட்டி சாப்பிடுறவங்க, கூட்டாளிங்க. ஸ்பானிஷ்ல இன்னைக்கும் ரொட்டிக்குப் பான்னுதான் பேர், கூட்டாளிக்குக் கொம்பாஞேரோ, கம்பெனிக்குக் கொம்பாஞியா. நடுவுல வர்ற அந்த ஒலியை அவங்க என் எழுத்து மேல சின்ன அலை போட்டு எழுதுவாங்க, நமக்கு அதுக்குன்னே ஞ இருக்கு. தமிழ் பேசுற ஒருத்தர் அந்த எழுத்தை முதல் நாளே சரியா உச்சரிச்சுடலாம்.

தமிழ்ல இந்தச் சொல் முதல்ல கும்பினியா வந்துச்சு. கும்பினின்னா ஒரே ஒரு கம்பெனி, கிழக்கிந்தியக் கம்பெனி. அதுதான் வியாபாரி, அதுதான் படை, அதுதான் அரசாங்கம், அதுதான் கோட்டை. ஆளையும் இடத்தையும் அதிகாரத்தையும் பிரிச்சுப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கம்பெனி. இன்னைக்கு நாம "கம்பெனிக்குப் போறேன்"னு சொல்லும்போது கட்டடத்தையும் நிறுவனத்தையும் ஒரே சொல்லுல கட்டுறோம்.

சட்டம் அப்படிக் கட்டாது. கம்பெனின்னா பதிவு செஞ்ச ஒரு சட்ட நபர். ஃபேக்டரின்னா ஒரு இடம். ஒண்ணு இருந்துகிட்டே இன்னொண்ணு இல்லாமப் போகலாம். ஸ்ரீபெரும்புதூர் இதைக் கண்ணால பாத்த ஊர். நோக்கியா 2006-ல இங்க செல்போன் உற்பத்தியைத் தொடங்குச்சு. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கை மாறுச்சு. வரி வழக்கு இருந்ததால ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனைக்கு வெளியே நின்னுடுச்சு. 2014 நவம்பர் 1-ல அங்க உற்பத்தி நின்னுச்சு. கம்பெனி பின்லாந்துல நல்லாவே இருந்துச்சு, போன் வியாபாரம் அமெரிக்காவுக்குப் போச்சு, ஃபேக்டரி மட்டும் மூடுச்சு. "எங்க கம்பெனி"ன்னு சொல்லிக்கிட்டு வேன் ஏறின ஆயிரக்கணக்கான பேர், அதுல நிறைய இளம்பெண்கள், அன்னைக்கு அந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில விழுந்தாங்க. பல வருஷம் கழிச்சு அதே வளாகம் சால்காம்ப் கைக்கு வந்து, வேற கம்பெனியோட ஃபேக்டரியா திரும்ப உயிர் பெற்றுச்சு.

இன்னொரு அடுக்கும் இருக்கு. கார் தயாரிக்கிற வளாகத்துக்குள்ள வேலை, ஆனா சம்பளம் போடுறது ஒரு ஒப்பந்தக்காரர். 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1970-ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதுக்காகவே ரெண்டு தனிச் சொல் வச்சிருந்துச்சு: முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரர் கூலி தராம விட்டா முதன்மை வேலையளிப்பவர் கொடுக்கணும்னும் அந்தச் சட்டம் சொன்னது. இது ரெண்டும் "கம்பெனி"ங்கிற ஒரே சொல்லுக்குள்ள மறைஞ்சிருந்தா, சம்பளம் வராத மாசம் யார்கிட்ட கேக்கணும்னே தெரியாது.

அட்டையில இருக்கிற சொல்

கடைசியா, ஆளைக் குறிக்கிற பெயர்ச்சொல். ஸ்பானிஷ்ல கத்துக்குட்டிக்கு அப்ரெந்தீஸ்னு பேர். இங்கிலீஷ்ல அப்ரண்டிஸ். இது பொய் நண்பன் இல்ல, நிஜ நண்பன். ரெண்டுக்கும் ஒரே அர்த்தம். மெட்ராஸ் பாஷையில கிண்டலுக்குச் சொல்ற அப்ரசண்டியும் இந்தக் குடும்பம்தான். இங்கிலாந்துல 1802-ல வந்த முதல் தொழிற்சாலைச் சட்டமே அப்ரண்டிஸ்களுக்காக வந்ததுதான். அனாதைக் குழந்தைகளைத் தொழில் கத்துக்கிறவங்கன்னு பேர் சொல்லி நூற்பாலையில சேர்த்திருந்தாங்க. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு அந்தச் சட்டம் சொன்னது.

இந்தியாவுல இந்த நிஜ நண்பனும் சட்டத்துக்குள்ள போனப்ப ரெண்டு முகம் காட்டினான். 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்துல தொழிலாளிங்கிற சொல்லுக்கான வரையறையிலயே அப்ரண்டிஸும் சேர்ந்தவர்னு எழுதியிருந்துச்சு. 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டம், தன் கீழ பதிவான அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லன்னு சொல்லுது. ஒரே பேர், ரெண்டு நேம்ஸ்பேஸ். எந்த நேம்ஸ்பேஸ்ல உங்க பேர் இருக்குங்கிறதைப் பொறுத்து நீங்க வாங்குறது சம்பளமா, ஸ்டைபெண்டாங்கிறது மாறும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. தொழிலாளி இல்லன்னு சொன்ன அந்த 1961 சட்டமே, தொழிற்சாலையில பயிற்சி எடுக்கிற அப்ரண்டிஸுக்கு உடல்நலம், பாதுகாப்பு, நல வசதி விஷயங்கள்ல தொழிலாளிக்கு உள்ள விதிகள் பொருந்தும்னும், பயிற்சியில காயம் பட்டா இழப்பீடு உண்டுன்னும் சொல்லுது. "நீ ட்ரெய்னிதானே, உனக்குக் கிடையாது"ன்னு மொத்தமா ஒரு வரியில யாராவது முடிச்சா, அந்த வரியை அப்படியே நம்ப வேண்டாம். ட்ரெய்னிங்கிறது நிறைய இடத்துல நிர்வாகம் தானா வைக்கிற பேர். ஒருத்தர் தொழிலாளியான்னு முடிவு பண்ணும்போது நம்ம நீதிமன்றங்கள் பதவிப் பேரை விட, அவர் உண்மையில என்ன வேலை செஞ்சார்னுதான் பாக்குறாங்க.

அப்ப எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

இங்கிலீஷ் பெயர்ச்சொல் ரெண்டு குழம்புதுன்னா, மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இது இடமா, பொருளா, ஆளா, கூட்டமா? ஃபேக்டரி இடம். ஃபேப்ரிக் பொருள். கண்டக்டர் ஆள். கம்பெனி கூட்டம். லைப்ரரி இடம்தான், லிப்ரெரியாவும் இடம்தான், அப்ப ரெண்டாவது கேள்வி: அங்க என்ன நடக்குது? இரவலா, விற்பனையா? மூணாவது கேள்வி: இந்தச் சொல்லை இங்க யார் பயன்படுத்துறாங்க? பேச்சுல வர்றவரா, விண்ணப்பமா, சட்டமா? பேச்சுல கம்பெனின்னா எதுவா வேணா இருக்கலாம். சம்பளச் சீட்டுல கம்பெனின்னா ஒரே ஒரு பேர்தான் இருக்கும், அதைப் படிச்சு வச்சுக்கணும்.

ஸ்பானிஷ் பேசுற நண்பர் தமிழ் பக்கம் வந்தா அவருக்கு நல்ல செய்தியும் உண்டு. மேசைக்கு அவங்க மெசா, அலமாரிக்கு அர்மாரியோ, சாவிக்கு யாவே. இலங்கைத் தமிழ்ல செருப்புக்கும் பூட்ஸுக்கும் சொல்ற சப்பாத்துக்கு அவங்க சபாத்தோ. ஃபெய்தோரியா கட்டின அதே போர்த்துகீசியர்கள் நமக்குக் கொடுத்துட்டுப் போன சொற்கள் இவை, ஸ்பானிஷ் அவங்களுக்குப் பக்கத்து வீடு. பொய் நண்பர்களைக் கூட்டிட்டு வந்த அதே கப்பல்லதான் நிஜ நண்பர்களும் வந்து இறங்கினாங்க.

உங்க லைன்ல, உங்க ஆபீஸ்ல இப்படிக் குழப்புற சொல் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல எடுத்துப் பேசுவோம். ஷிஃப்ட் முடிச்சுட்டு வண்டியில கேக்குறவங்க பத்திரமா வீடு போய்ச் சேருங்க.